பெயர் வைக்காத பாட்டு

வெள்ளிமலை பேருந்து நிறுத்தத்தில் சவாரிக்காக ஜீப்பை நிறுத்தியிருந்த பூமாலை, கலையரசி காலையில் கொடுத்த சிடியைப் போட்டான். பொறுமை இல்லாதவன். இரண்டு அம்மன் பாட்டு கேட்டதும் பொத்தானை அமுக்கி அமுக்கிக் கடைசிப் பாட்டுக்குத் தாவினான். வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மாரில் அடித்துக்கொண்டு அழுதது.

"இன்னாக்கா, சவாரி ஏத்துற வண்டிக்கு ஒப்பாரி வெச்சிக் குடுத்துக்கற? எவன் ஏறுவான்?"

பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களோடு நின்றிருந்த கலையரசி ஜீப்பை நோக்கி ஓடிவந்தாள். அதே பாட்டுகள் பதிந்த இன்னொரு சிடி, பக்கத்துக் கிராமத்தில், அவள் பார்த்துக்கொள்ளும் நோயாளி தைலம்மாளின் தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடவிட்டு வந்தவளே அவள்தான்.

கலையரசிக்கு ஊர் வடக்கனந்தல். கணவர் இறந்தபின், படுத்த நோயாளிகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் பயிற்சி எடுத்தாள். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பிரஷர் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. கணவர் வைத்துவிட்டுப் போனது பெட்டி நிறைய கேசட். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டியதைப் பொறுக்கி, சிடியில் பதிந்து எடுத்துப் போவாள். பாட்டு ஓடினால், கைகாலை நீட்டி மடக்கும்போது நோயாளி முரண்டு பிடிப்பதில்லை. போனை நோயாளியிடம் விட்டுவிட்டு வர முடியாது. தைலம்மாள் வீட்டில் பழைய சிடி பிளேயர் ஒன்று இருந்தது வசதியாகப் போயிற்று.

எல்லாப் பாட்டுக்கும் கம்ப்யூட்டரில் பெயர் அடித்து வைப்பவள், ஒன்றுக்கு மட்டும் வேண்டுமென்றே அடிக்கவில்லை. அவள் அம்மா செத்த அன்று சித்தி வைத்த ஒப்பாரி அது. போனில் பதிந்து வைத்திருந்தாள். மனிதர் வாழ்கிற வீட்டில் 'ஒப்பாரி' என்று எழுதி வைக்க விரல் வரவில்லை. வெறும் நம்பரோடு விட்டுவிட்டாள். பெயர் அடிக்க நேரம் வாய்க்காமல் அதே மாதிரி நம்பரோடு சில நடவுப் பாட்டுகளும் கிடந்தன. சிடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கவே, நடவுப் பாட்டு என்று நினைத்து ஒன்றை இழுத்துப் போட்டாள். கேட்டுப் பார்க்கவில்லை.

"வண்டிய எடு பூமாலை. தைலம்மா வூட்டுக்கு உடு."

"பஸ்ஸு வர்ற நேரம்க்கா."

"போனாப் போவுது. இதே சிடி அங்க ஓடிக்கினு கீது."

பூமாலையின் சிரிப்பு நின்றது. "அய்யய்யோ" என்று சாவியைத் திருகினான்.

பக்கவாதம் வந்து தைலம்மாளுக்கு வலப்பக்கம் விழுந்திருந்தது. பேச்சும் போயிருந்தது. காதும் புத்தியும் தெளிவு. எங்கோ ஒரு சாவு மேளம் கேட்டாலே கண் பிதுங்கி மூச்சு வாங்கும். மருமகள் ரம்யா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். நல்லபடியாக இருக்கும் இடது கையைக்கூட அந்த அம்மாள் தூக்குவதில்லை. டம்ளரைக் கொடுத்தால் பிடிக்காமல் விட்டுவிடுவாள். அவள் தலைமாட்டிலேயே ஒப்பாரி கேட்டால் தனக்குத்தான் வைக்கிறார்கள் என்று நினைப்பாள். பிரஷர் எகிறும். இன்னொரு முறை பக்கவாதம் அடித்தால், மலைச்சாலை வளைவெல்லாம் இறங்கிக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஜீப் குலுங்கிக்கொண்டு போனது. ரம்யாவுக்குப் போன் போட்டாள்; மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. கலையரசி மனதுக்குள் சிடியை ஓட்டிப் பார்த்தாள். அம்மன் பாட்டெல்லாம் முடிந்திருக்கும். இப்போது தாலாட்டு. அதற்கப்புறம் இரண்டு சினிமாப் பாட்டு. அதற்கப்புறம் அது.

"வெரசா போயேன்டா!"

"பறக்கவா சொல்ற? ஜல்லி கொட்டி வெச்சிக்கறான் பாரு."

ஜல்லிக் குவியலைத் தாண்டி வண்டி போகாது. இறங்கி ஓடினாள். முழங்கால் வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீடு கண்ணுக்குத் தெரிந்தது. பாட்டுச் சத்தமே இல்லை. சிடி முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் அதுவும் ஓடியிருக்கும்.

பாறைமேல் சாமை காயவைத்துக் கோழி ஓட்டிக்கொண்டிருந்த ரம்யா நிமிர்ந்தாள். "இன்னாக்கா, எதையாவது மறந்து வெச்சிட்டீங்களா?"

"பாட்டு ஏன் நின்னுச்சி?"

"நின்னுடுச்சா? கவனிக்கலக்கா."

ஆடு நுழையாமலிருக்க கதவுக்கு வெளியே கொண்டி போட்டிருந்தது. கலையரசி இரண்டு தடவை இழுத்த பிறகுதான் கொண்டி கழன்றது.

உள்ளே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. பிளேயர் தரையில் மூடி திறந்து கிடக்க, சிடி கட்டிலுக்கடியில் உருண்டிருந்தது. தைலம்மாளின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. கண் கூரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது. கலையரசி மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு சுட்டது. பிறகு அந்தக் கண்கள் திரும்பி அவளை முறைத்தன.

வாய்க்கோணல் கூடவில்லை. இடப்பக்கம் கையும் காலும் அசைந்தன. பிரஷர் அதிகம்தான். தலையை உயர்த்தி வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, அது இறங்கும்வரை திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"ஸ்டூலை யாரு தள்ளி உட்டது?" என்றாள் ரம்யா. "அத்தை, நீங்களா?"

தைலம்மாள் இடது கையைத் தூக்கினாள். ஒரு விரலைக் கலையரசிக்கு நேரே நீட்டி, பிறகு உள்ளங்கையை விரித்து, நான் இன்னும் சாகவில்லை, இல்லை என்பதுபோல் ஆட்டினாள்.

"எம்மேலதாம்மா தப்பு. உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லா கீறீங்க" என்றாள் கலையரசி.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த நம்பரை அழித்துவிட்டு 'ஒப்பாரி' என்று அடித்தாள். அடுத்த தடவை போனபோது ஸ்டூலைக் கட்டிலின் இடப்பக்கம் போட்டு, ரப்பர் பேண்டால் மூடியைக் கட்டிய பிளேயரை அதன்மேல் வைத்தாள். நிறுத்த வேண்டுமானால் நீங்களே அமுக்குங்கள் என்றாள். போகப் போக ஸ்டூலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போட்டாள். கையும் எட்டி எட்டி வந்தது.

புது சிடியை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டு போனாள். கடைசியில் இருந்தது வெறும் நடவுப் பாட்டு. எத்தனை சொல்லியும் தைலம்மாள் நம்பவில்லை. முதல் வரி வருவதற்குள் கையை நீட்டி அமுக்கிவிடுவாள்.