பார்க்காத படத்துக்குப் பரிசு சொன்னவன்

படமே பாக்காம எந்தப் படத்துக்கு விருது கெடைக்கும்னு எழுதுறது ரொம்ப லேசான தொழில். எழுதுனதுக்கப்புறம் கடைத்தெருவுல தலை நிமிந்து நடக்குறதுதான் கஷ்டம். உங்கள்லயும் எத்தனையோ பேர் பத்திரிகையை நம்பி தியேட்டருக்குப் போய் நொந்து வந்திருப்பீங்க. உங்கள நோகடிச்ச கூட்டத்துல நானும் ஒருத்தன், மன்னிச்சுக்கங்க. ஹட்டன்ல எனக்கு ஒரு போட்டோகொப்பி கடை இருக்கு. அது வயித்துக்கு. ஆசைக்கு ஒரு வாரப் பத்திரிகையில சினிமாப் பக்கம் எழுதுறேன்.

ரெண்டு நிமிஷ ஞானம்

புதுப் படம் இந்தப் பக்கம் வர்றதுக்கு முந்தியே அதைப் பத்தின பேச்சு வந்துரும். ட்ரெய்லர் ரெண்டு நிமிஷம். மூடுபனி எறங்குனா எங்க கடையில சிக்னல் போயிரும், அதனால ஒரு நிமிஷந்தான் பாப்பேன். மிச்சத்தை நானே கட்டி எழுதிக்குவேன். அப்படித்தான் ஒரு தீபாவளிப் படத்துக்கு, "குடும்பத்தோட பாருங்க, விருது மேல விருது வாங்கும்"னு எழுதித் தள்ளிட்டேன்.

ராகலை பஸ்ஸுல வேலை செய்ற கொண்டக்டர் ஒருத்தர் அதை நம்பிட்டாரு. கெடைச்ச ஒரே லீவு நாள்ல பொண்டாட்டி, பிள்ளைங்க, மாமியார்னு எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கண்டிக்குப் போயிட்டாரு. அடுத்த வாரம் அவரு கடைக்குள்ள வந்ததும் நான் மெஷினுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டேன். மனுஷன் அமைதியா அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துக்கிட்டுச் சொன்னாரு: "கோவமெல்லாம் இல்லண்ணே. படம் தொடங்குனதும் பிள்ளைங்க தூங்கிருச்சுங்க, அப்புறம் சம்சாரம், அப்புறம் மாமியார். நாங்க எல்லாரும் ஒண்ணாத் தூங்கி ரொம்ப நாளாச்சு."

எட்டுக்கு ஏழு

கெட்ட நேரம், ஒரு வருஷம் என் கணிப்பு பலிச்சுப் போச்சு. கொழும்பு விருது விழாவுல எட்டு விருதுக்கு யார் யாருன்னு எழுதியிருந்தேன். ஏழு அப்படியே வந்துருச்சு. அதுல ஒரு படத்தைக்கூட நான் பாக்கல. ஆனா பாராட்டுனா யாருக்குத்தான் கசக்கும்? பக்கத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில ஒட்டி வச்சுக்கிட்டேன்.

பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க வர்ற யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருத்தர் மூக்குக் கண்ணாடியை எறக்கி அதை வாசிச்சாரு. "தம்பி, நீர் இந்தப் படங்களைப் பாத்தனீரோ?"ன்னு கேட்டாரு. இல்லைன்னு தலையாட்டுனேன். தாளை எண்ணி எடுத்துக்கிட்டே சொன்னாரு: "பாக்காமலே இவ்வளவு சரியாச் சொல்லுறீர் எண்டால், பாத்தால் பிழையாப் போகும் போல கிடக்கு."

சினிமாவுக்கு மட்டும்

அதுக்கப்புறம் கண்டதுக்கெல்லாம் கணிப்பு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு அக்கா, தன் மகனோட ஓ.எல். பரீட்சை ரிசல்ட் என்னாகும்னு கேட்டாங்க. நான் சினிமாவுக்கு மட்டுந்தான்க்கா சொல்வேன்னேன். அக்கா விடல: "அந்த நடிகர் நடிகையெல்லாம் யாரு எவருன்னே தெரியாமச் சொல்றீங்க, என் மகனை உங்களுக்கு நல்லாத் தெரியுமே!"

ராகலையிலிருந்து ஒரு போன்

இனிமேத்தான் நான் சொல்ல வெக்கப்படுற விஷயம். கொழும்பு டைரக்டர் ஒருத்தர் ராகலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துல, அங்க கொழுந்து எடுக்கிற மகேஸ்வரியையே கதாநாயகியாப் போட்டுப் படம் எடுத்தாரு. அதே விருது விழாவுல சிறந்த நடிகைக்கான பட்டியல்ல அவங்க பேரும் வந்துச்சு. டைரக்டர் படத்தை எனக்கு போன்ல அனுப்பியும் வச்சாரு. நேரம் கெடைக்கட்டும்னு விட்டுட்டேன். என் சினிமாப் பக்கத்துல, பேர்போன கொழும்பு நடிகை ஒருத்தருக்குத்தான் விருதுன்னு அடிச்சு எழுதிட்டு, "மகேஸ்வரிக்குப் பட்டியல்ல பேர் வந்ததே பெரிய விஷயம்"னு கீழ ஒரு வரி போட்டேன்.

விழாவுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி மகேஸ்வரியே நம்பர் தேடி போன் பண்ணுனாங்க. கடையில பள்ளிக்கூடப் படிவம் எடுக்குற கூட்டம், மெஷின்ல தாள் சிக்கிக் கெடக்கு. "அண்ணே, சனிக்கிழமை விழாவுக்கு வரச் சொல்லிருக்காங்க. கொழுந்து கூடுன நேரம், லீவு கேட்டா தோட்டத்துத் தொரை மூஞ்சியைச் சுளிப்பாரு. சீலையெல்லாம் எடுத்து வச்சிட்டேன். எனக்குக் கெடைக்குமாண்ணே? போகட்டுமா?"

ஒரு கை மெஷினுக்குள்ள இருக்க, நான் சொன்னேன், தோட்டத்து லய வீட்டுலேருந்து போறவங்களுக்குக் கொழும்புல குடுக்க மாட்டாங்கம்மா, வீணா அலையாதீங்கன்னு. நானும் லயத்துல பொறந்து வளந்தவன்தான். அந்தப் பேச்சு என் வாயில எப்படி அவ்வளவு லேசா வந்துச்சோ! அவங்க மெதுவாச் சொன்னாங்க: "எட்டுக்கு ஏழு சரியாச் சொன்னவரு நீங்க. சரிங்கண்ணே, அப்ப சனிக்கிழமை நான் கொழுந்தெடுக்க மலைக்கே போயிர்றேன்."

சனிக்கிழமை மத்தியானம்

விழாவைக் கடையில வச்சு போன்ல பாத்துக்கிட்டிருந்தேன். சிறந்த நடிகைன்னு மகேஸ்வரி பேரை வாசிச்சாங்க. ஆள் எழும்பலைன்னதும் திரும்பவும் கூப்பிட்டாங்க. கேமரா சனத்துக்குள்ள தேடுது, தேடுது, காணோம். கடைசியில டைரக்டர் ஏறி வாங்கிக்கிட்டு, "அவங்க இன்னிக்கு வேலைக்குப் போயிருக்காங்க"ன்னாரு. சபையே எழும்பி நின்னு கைதட்டுச்சு. அந்த நேரம் அவங்க கொழுந்து நிறுக்குற மடுவத்துல கூடையோட வரிசையில நின்னுருப்பாங்க. படுபாவி, ஒரு வாய் வார்த்தையில அவங்களை அங்க நிறுத்துனது நான்தான்.

எடுத்து வச்ச சோத்தை அப்படியே மூடி வச்சேன். அந்த நேரம் பாத்து பத்திரிகை ஆசிரியர் போன் பண்ணுனாரு. என் பக்கத்தை அவரு வாசிக்கிறதே இல்லைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு: "நம்ம மலையகப் பொண்ணு ஜெயிச்சிருச்சு பாத்தீங்களா? நாம முன்னாடியே சொன்னதுதான்னு ஒரு செய்தி எழுதி அனுப்புங்க!"

லயத்துல ஒரு காட்சி

அடுத்த வாரம் டைரக்டர் விருதோட ரயில்ல வர்றதாக் கேள்விப்பட்டு, ஹட்டன் ஸ்டேஷனுக்கே போய், நான் கொண்டுபோய்க் குடுக்குறேன்னு கெஞ்சி வாங்கிக்கிட்டேன். நுவரெலியாவுக்கு ஒரு பஸ், ராகலைக்கு ஒரு பஸ், அப்புறம் நடை. மகேஸ்வரி மலையிலேருந்து எறங்கி வந்து பீலிக் குழாய்த் தண்ணியில கை கழுவிக்கிட்டிருந்தாங்க. கையைத் துடைச்சிட்டு விருதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களாண்ணே?"ன்னு கேட்டாங்க. ரெண்டு தரம் கூப்பிட்டாங்கன்னேன். "ரெண்டு தரமா?"ன்னு கேட்டுட்டு விருதை முந்தானையால துடைச்சாங்க.

நீங்க போகாததுக்கு நான்தாம்மா காரணம், தப்பு என்னோடதுதான்னு சொன்னேன். "படத்தைப் பாத்தீங்களா?"ன்னாங்க. இல்லைன்னேன். உள்ள கூட்டிப்போய் நாற்காலியைப் போட்டு, டீவியில படத்தைப் போட்டு, கையில தேத்தண்ணியையும் குடுத்தாங்க. படத்துல ஒரு எடம். கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் வர்ற பஸ்ஸுக்காக அடுப்படியில மகேஸ்வரி காது குடுத்துக்கிட்டு நிப்பாங்க. பேச்சே கெடையாது, அந்த முகம் மட்டுந்தான். எனக்குக் கண்ணு கலங்கி, தேத்தண்ணி அப்படியே ஆறிப்போச்சு. படம் முடிஞ்சதும் அந்தக் கிளாஸை என் கையிலேருந்து வாங்கிக்கிட்டுக் கேட்டாங்க: "இப்பச் சொல்லுங்கண்ணே, எனக்குக் கெடைக்குமா, கெடைக்காதா?"

இப்பெல்லாம் படத்தைப் பாத்துட்டுத்தான் எழுதுறேன், மாஸ்டர் சொன்னபடியே ஒண்ணுகூடச் சரியா வர்றதில்ல, ராகலையிலேருந்து யாரும் போன் பண்ணி, போகட்டுமான்னு என்கிட்ட கேக்குறதும் இல்ல.