கரண்ட் வரக்கூடாத நாள்

கரண்ட் வரவே கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்ட ஒரே ஜென்மம் எங்கள் தெருவில் நானாகத்தான் இருப்பேன். பாளையம்பட்டியில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. தறி ஓடினால்தான் கூலி. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குத் தெருவே சிடுசிடுவென்று இருக்கும். எனக்கு அப்போது பத்து வயது.

காரணம் என் தாய்மாமா. வாலிபத்தில் பெங்களூரில் மூன்று சேக்காளிகளோடு டெத் மெட்டல் குழு நடத்தியவர். கிதாரும் டிரம்மும் இடி இடிக்க, மாமா அடிவயிற்றிலிருந்து உறுமுவார். தமிழில்தான் பாடுகிறேன் என்று சத்தியம் செய்வார். ஒரு வார்த்தை விளங்கினால்தானே! பதினாறு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுப் பிரிந்த நாலு பேரும் நரைத்த தலையோடு மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டார்கள். வாத்தியமெல்லாம் பதிவாகிவிட்டது, மாமாவின் குரல்தான் பாக்கி. அதற்குள் அவருக்குத் தொண்டையில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். "சின்னக் கட்டிதான் பாப்பா, எடுத்துட்டா சரியாப் போயிரும்" என்றாள் அம்மா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தறிச் சத்தத்தில் பாட்டுப் பதிய முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் தெரு அடங்குகிற நாள் அந்தக் கரண்ட் இல்லாத நாள் ஒன்றுதான். நூல் மூட்டை அடுக்கிய அறையில், முந்தின ராத்திரியே சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பையும் மைக்கையும் வைத்து, காலை ஒன்பதுக்கே ஆரம்பித்தார். மொத்தம் எட்டுப் பாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் துண்டில் இருமி, அதைச் சுருட்டி மறைத்தார். கரண்ட் ஐந்து மணிக்கு என்பார்கள். சில நாள் மூன்றுக்கே வந்து தொலைக்கும்.

தறி நின்றால் மாமாவின் உறுமல் தெருக்கோடி வரை கேட்கும் என்பதை யாருமே யோசிக்கவில்லை. எதிர்வீட்டு அத்தை விபூதியோடு ஓடி வந்துவிட்டாள்.

"ஏத்தா, ஒந் தம்பிக்கு என்னமோ புடிச்சிருக்கு. பரளச்சிப் பக்கம் ஒரு கோடாங்கி இருக்காரு, போயிப் பாத்துருவமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி, உப்புத்தண்ணி கொப்பளிக்கிறான்" என்றாள் அம்மா.

"இம்புட்டு நேரமாவா?"

"டாக்டரு அப்படித்தான் சொல்லியிருக்காக."

அத்தை நம்பாமல் விபூதியை என் நெற்றியில் அப்பிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்கு எட்டாவது பாட்டின் கடைசி அலறல் மட்டும் மிச்சம். மாமா வெந்நீர் குடித்தார். மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். அலறவில்லை. சாதாரணமாக, வீட்டில் பேசுகிற குரலில், "பாப்பா" என்றார். பிறகு, "பள்ளிக்கூடம் விட்டாச்சா?" பிறகு, "யக்கா, பசிக்குது, சோத்தப் போடு." திரும்பவும் பாப்பா. கொஞ்சலாக ஒருதரம், அதட்டலாக ஒருதரம், தெருமுனையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி ஒருதரம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா, வெளாடாதீக! கரண்ட் வந்துரும், பாட்ட முடிங்க!"

"இரு பாப்பா, இதுவும் வேணும்."

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் வந்துவிட்டது. தெரு மொத்தமும் ஒரே நேரத்தில் தறியை ஓட்டியது. கடைசி அலறல் போயே போச்சு. அப்படி ஓர் அழுகை அழுதேன். எல்லாம் உங்களால்தான் என்று கத்தி, அவரோடு காய் விட்டேன்.

அடுத்த நாலு நாளும் மாமா என் பின்னாலேயே சுற்றினார். இரண்டு விரலை நீட்டி, "பாப்பா, பழமா?" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மதுரைக்குக் காரில் ஏறும்போதும் கேட்டார். வந்து பாட்டை முடிக்கட்டும், அப்புறம் பழம் விடலாம் என்று உள்ளேயே இருந்துவிட்டேன். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

எட்டாவது பாட்டு இன்றும் பாதியில் அறுந்துதான் நிற்கிறது. 'என்னமாய் முடித்திருக்கிறார்கள்!' என்று ரசிகர்கள் அதை மெச்சுகிறார்கள். அவர் வீணாக்கிய அந்த மூன்று நிமிஷம் என் போனில் இருக்கிறது.

அன்றைக்கு மதுரைக்குப் போன மாமா ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாசலுக்கு ஓடி, "பழம் மாமா!" என்று விரலை நீட்டினேன். அவரும் நீட்டித் தொட்டார். 'பாப்பா' என்பார் என்று காத்து நின்றேன். சொல்லவில்லை. இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.