பத்துக்கு ஏழு

ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுகிறவனை எடைபோட வேண்டுமென்றால் முதலில் பக்கைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறதோ அங்கேதான் கூட்டத்தின் கண்ணும் போகும். கோல் போட்டவனுக்குக் கைதட்டல். கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அங்கே எதுவுமே நடந்திருக்காது. நடக்காத ஒன்றுக்கு எவன் கைதட்டுவான்?

எனக்கு அந்த நடக்காத விஷயத்தைப் பார்க்கத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தத் திறமையை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லப்போகிறேன். அதற்கு இது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

டெக்சஸில், ஆலனில் இருக்கிறோம். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். இருபது வருஷமாக அடுத்தவன் எழுதியதில் ஓட்டை தேடுவதுதான் என் பிழைப்பு. ஹாக்கி வீட்டுக்குள் வந்தது மகளால். ஏழு வயதில் யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு ஐஸ் ரிங்குக்குப் போனவள், வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அவளுக்கு நான்தான் டிரைவர். ஆகஸ்ட் வெயிலில் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, பின்சீட்டில் குளிர்கோட்டு கிடக்கும். "டெக்சஸ்ல ஐஸ் ஹாக்கியா? அடுத்தது என்ன, பாலைவனத்துல நீச்சலா?" என்று கேட்காத அங்கிள், ஆளுக்கொரு சமையல் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் எங்கள் பாட்லக் வட்டாரத்தில் கிடையாது. அவளும் டிஃபென்ஸ்தான் ஆடினாள். பதினாறு வயதில் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒரு மைனர் லீக் அணி இருக்கிறது. ஏணியில் கீழ்ப்படி. அங்கே ஆடுகிற ஒவ்வொருவனும் மேல்படியைப் பார்த்துக்கொண்டே ஆடுவான். சனிக்கிழமைகளில் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நோட்டில் எதையாவது குறித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் உதவிப் பயிற்சியாளர் எட்டிப் பார்த்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். "கழுத்து," என்றேன். மூலைக்கு ஓடிய பக்கை எடுக்க டிஃபென்ஸ்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்போது, பின்னால் யார் துரத்தி வருகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். யார் எத்தனை தடவை திருப்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டு நோட்டைத் திருப்பித் தந்தார். அடுத்த வாரம் என்னிடம் வீடியோவுக்கான பாஸ்வேர்டும் அணியின் ஜாக்கெட் ஒன்றும் கொடுத்தார். ஏழு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் பத்துக்கு ஒரு மார்க், கூடவே ஒரு பத்தி. அது மேல்படி அணியின் மேனேஜர் கைக்குப் போகும். யாரை மேலே அழைப்பது என்று அவர்தான் முடிவு செய்வார்.

அந்த ஏழு பேரில் ஒருவன், வருஷத்தில் பாதி பனி கொட்டும் வடக்கத்திச் சிற்றூர்க்காரன். இருபத்தைந்து வயது. மற்றவர்கள் என்னை 'நோட்புக்' என்பார்கள். இவன் மட்டும் 'சார்'. மூன்றாவது வருஷமாக அதே கீழ்ப்படியில் இருந்தான். முதல் வருஷம் மூலைக்குப் போனால் கழுத்து திரும்பவே திரும்பாது. முதுகில் இடி வாங்கிக் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்வான். இரண்டாவது வருஷம் ஒரு தடவை திரும்பியது. மூன்றாவது வருஷம் இரண்டு தடவை, கிளம்பும்போது ஒன்று, பக்கைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. மூன்று வருஷத்து வளர்ச்சி என்பது இவ்வளவுதான், இரண்டு பார்வை. ஆனால் அதில் எல்லாமே மாறியது. எதிராளி எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று தெரிந்ததால் பக் மட்டையில் பட்ட மறுநொடி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. எதிரே வருகிறவனுக்கு முகம் காட்டியபடியே பின்பக்கமாகச் சறுக்குவான். நடுவில் ஒரு மட்டை நீளத்துக்குமேல் இடம் தரமாட்டான். வந்தவன் எங்கள் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே வேறு வழியில்லாமல் பக்கை எங்கேயோ தள்ளிவிட்டுத் திரும்பிப் போவான். கூட்டம் பாப்கார்ன் தின்றுகொண்டிருக்கும். எனக்கு மட்டும் உள்ளே பொங்கும்.

ஒரு சனிக்கிழமை அவன் ஐஸில் இருந்த நேரம் முழுக்க எதிரணி ஒரு தடவைகூட ஒழுங்காக உள்ளே வரவில்லை. ஃப்ரீவேயில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன். அன்று நோட்டில் எழுதியது இன்னும் இருக்கிறது: 'குறை இல்லை.'

சீசன் பாதியில் ஒருநாள், மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டே அவன் சொன்னான், இந்த வருஷம் மேலே கூப்பிடவில்லையென்றால் அப்பாவோடு கூரை வேயும் தொழிலுக்குப் போய்விடுவதாக. வருத்தமாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். "என்னைப் பற்றி எழுதும்போது பார்த்து எழுதுங்கள் சார்," என்றான். தலையாட்டினேன். இவனுக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சீசன் முடிவில் மேல்படி அணியில் டிஃபென்ஸுக்கு ஒரே ஓர் இடம். போட்டியில் இருவர். ஒருவன் இவன். இன்னொருவன் ஆள் தேக்குமரம் மாதிரி, அடித்தால் கண்ணாடி அதிரும், ஆனால் தான் காவல் காக்க வேண்டிய ஆளை ஆட்டத்துக்கு நான்கு முறை தொலைத்துவிடுவான். அவனுக்கு ஐந்து போட்டேன். இவனுக்கு ஏழு. பத்தியில் எழுதியது: 'பெரிய குறை எதுவும் இல்லை. நம்பலாம். இடப்பக்கம் திரும்பும்போது அரை நொடி தாமதம், கவனிக்க வேண்டும்.'

ஏழு என்பது என் கணக்கில் சாதாரணமா? கோவில்பட்டியில் நான் படித்த பள்ளியில் தமிழ்க் கட்டுரைக்கு நூற்றுக்கு எழுபது வாங்கியவனைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்து வருவார்கள். நூறு கடவுளுக்கு, தொண்ணூறு வாத்தியாருக்கு என்பார்கள். வேலையிலும் அப்படித்தான். 'குறை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை' என்று நான் எழுதினால் அதற்குமேல் ஒரு பாராட்டு எங்கள் தொழிலில் இல்லை. வீட்டில் வத்தக்குழம்பு நன்றாக இருந்தால் நான் பேசமாட்டேன், இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வேன். உப்பு குறைந்தால்தான் வாய் திறக்கும். அதோடு ஒரு பயமும் உண்டு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அது கெட்டுப்போகும் என்று எனக்குள் யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள். படித்த முட்டாள் நான். அந்தப் பயத்தையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அமெரிக்க ஹாக்கி அரங்கில் உட்கார்ந்திருந்தேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. மகள் இப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் படிக்கிறாள். என் ஆங்கிலத்தைத் திருத்த அறிக்கையை அவளுக்கு அனுப்புவது வழக்கம். அந்தத் தடவை போன் பண்ணினாள்.

"அப்பா, டூ யூ ஈவன் லைக் திஸ் கை?"

"என்னம்மா கேக்குற. ஏழு பேர்ல இவன் ஒருத்தன்தான் பிளேயர்."

"தென் சே தட்."

"அதானே சொல்லியிருக்கேன். பெரிய குறை இல்லைன்னு போட்டிருக்கேன் பாரு."

அவள் பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினாள். இங்கே ஏழு என்றால் இந்த ஆள் வேண்டாம் என்று நாசூக்காகச் சொல்வது, குறை இல்லை என்றால் நிறையும் இல்லை என்றுதான் படிப்பார்கள், குறைந்தது ஒன்பதாவது போடு என்றாள்.

"ஒம்பதெல்லாம் போட்டா எவனும் நம்பமாட்டான். நீ ஸ்பெல்லிங் மட்டும் செக் பண்ணு."

"ஓகே, அப்பா."

இரண்டு கமா சேர்த்துத் திருப்பி அனுப்பினாள். அப்படியே மேலே அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து உதவிப் பயிற்சியாளர் கூப்பிட்டார். இடம் தேக்குமரத்துக்கு. இவனை அணியிலிருந்தே விடுவித்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களை எடைபோட மேலிருந்து வந்த ஸ்கௌட் தேக்குமரத்துக்கு ஒன்பது போட்டு, அபாரம், எல்லையே இல்லை என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாராம். அவர் பார்த்தது இரண்டே ஆட்டம். "நான் உன் பையனுக்காகப் பேசிப் பார்த்தேன்," என்றார் பயிற்சியாளர். "மேனேஜர் உன் தாளை எடுத்துக் காட்டினார். இவனை ஒரு நிமிஷம் விடாமல் பார்த்த ஆளே ஏழுதான் போட்டிருக்கிறான், ஒரு நல்ல வார்த்தை இல்லை, நான் எதை நம்பி எடுப்பது என்று கேட்டார்."

அன்றே மேனேஜருக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரன் இவன்தான் என்று எழுதினேன். வாழ்க்கையில் முதன்முறையாக அப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நன்றி, இடம் நிரம்பிவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மனைவியிடம் சொன்னேன். சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"அந்தப் பையன் நல்லா ஆடுறான்னு என்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. அத அங்க சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அவங்களுக்குப் புரியும்னு நெனச்சேன்."

"அவளுக்கும் புரியும்னுதான் நெனச்சீங்க."

மாவை உருண்டை பிடிக்க ஆரம்பித்தாள். மகளுடைய கடைசி ஆட்டம் எனக்கு நொடி நொடியாக ஞாபகம் இருக்கிறது. அன்று அவள் ஆடியதுபோல அந்த வயதில் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. காரில் ஏறியதும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டாள். "பரவால்ல," என்றேன். "செகண்ட் பீரியட்ல ஒரு பாஸ் தப்பாப் போச்சு, பாத்தியா?" அவள் "ஓகே, அப்பா," என்றாள். அடுத்த வாரம் பாதுகாப்புப் பேட்களைப் பெட்டியில் போட்டு கராஜில் வைத்துவிட்டாள். படிப்பு அதிகமாகிவிட்டது என்றாள், நானும் நம்பினேன். அந்தப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவன் ஊருக்குக் கிளம்பும் நாளன்று ரிங்குக்குப் போனேன். வழி முழுக்க மூன்று வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நீ அருமையாக ஆடினாய். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. உன் ஆட்டத்தைப் பார்த்தது என் பாக்கியம். பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல சிக்னலுக்குச் சிக்னல் ஒப்பித்தேன்.

பார்க்கிங்கில் பழைய பிக்கப் வண்டியின் பின்னால் ஹாக்கிப் பையையும் ஒரு மெத்தையையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மார்க் அவனுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் தைரியமும் இல்லை. வெயில் தலையில் அடித்தது. இருவரும் அவன் வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சார், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்," என்றான். "நீங்கள்தான் என்னை முழுசாகப் பார்த்தவர். நான் எதை இன்னும் நன்றாகச் செய்திருக்க வேண்டும்?"

எதுவும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாக்கியமும் மனப்பாடமாகத்தான் இருந்தன.

"இடது பக்கம் திரும்பும்போது அரை நொடி லேட்," என்றேன்.

தலையசைத்தான். உண்மையாகவே யோசித்தான். அந்தத் தார்த் தரையில், செருப்புக் காலோடு, இடது பக்கமாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "ஆமாம் சார். அது எப்போதும் இருந்தது," என்று சொல்லிக் கை குலுக்கினான். நன்றி சொன்னான். எனக்கு நன்றி சொன்னான்.

வண்டி வாசல்வரை போய் நின்றது. சாலையில் ஏறுவதற்கு முன் அவன் கழுத்து ஒரு தடவை திரும்பியது, பிறகு இன்னொரு தடவை. நான் எண்ணினேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.