ஆளைக் கூப்பிடு

சப்ளையர் வேலைன்னா தட்டு தூக்கற வேலைதானேன்னு யாராவது சொன்னா, முகூர்த்த சீசன்ல காஞ்சிபுரத்துக்கு வந்து என் டேபிளை ஒரு மணி நேரம் பார்த்துக்கச் சொல்லுங்க. பட்டுக்கடைங்க இருக்கற ரோட்டுல எங்க சைவ ஹோட்டல். புடவை எடுக்க வர்றவங்க, சாமி பார்க்க வர்றவங்க, தறியில இருந்து எழுந்து காபி குடிக்க வர்றவங்க, எல்லாருக்கும் பசிச்சா நாங்கதான் அகப்படுவோம். கடையிலயோ கவுன்ட்டர்லயோ கால் கடுக்க நிக்கற ஜென்மங்களே, உங்களுக்கு இதைச் சொல்லணுமா என்ன!

இந்த சீசன்ல எங்க ஓனர் டேபிளுக்கு ஒரு டேப், அதான் பெரிய சைஸ் போன் மாதிரி இருக்குமே, அது வாங்கி வெச்சாரு. படத்தைத் தொட்டா ஆர்டர் நேரா கிச்சன் ஸ்கிரீனுக்குப் போயிடும். அந்த வரிசைப்படிதான் தட்டு வெளிய வரணும், மாத்தினவன் அன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்னு உத்தரவு. இருக்கற ரெண்டு சப்ளையர்ல நான்தான் சீனியர், சம்பளமும் எனக்குத்தான் கூட. ஓனர் கெட்டவர் இல்ல, மூஞ்சைப் பார்த்தே சொல்லிட்டாரு. “சீசன் முடியட்டும் சிகாமணி. இது ஒழுங்கா ஓடிச்சுன்னா ஒரு ஆள் போதும். நீ வேற இடம் பார்த்துக்கப்பா.” பொண்ணு ஏனாத்தூர்ல காலேஜ் படிக்கறா. கொடுமை என்னன்னா, டேப்பை எப்படித் தொடணும்னு வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலையும் எனக்கே வந்துது.

சுடுதண்ணி

டேப்புல தோசையிலயே ஒரு பக்கம் முழுக்க வகை இருந்துது. குடிக்கத் தண்ணி இல்ல. மூலையில மட்டும் மணி படம் போட்டு ‘ஆளைக் கூப்பிடு’ன்னு ஒரு பட்டன். முதல் நாளே கைக்குழந்தையோட ஒரு அம்மா அதை அமுக்கிச்சு. ஓடினேன். குழந்தைக்கு சுடுதண்ணி வேணுமாம். குடுத்துட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடி மணி. தண்ணியைக் கொஞ்சம் ஆத்தணுமாம். மூணாவது தடவை போனா, தோசை ஆறிப்போவுது, சாப்பிடற வரைக்கும் பையனைக் கொஞ்சம் வெச்சிக்கினு இருக்க முடியுமான்னு கேக்குது. வெச்சிக்கினு இருந்தேன். அவன் என் சட்டையை நனைச்சான். கை கழுவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கினு அந்த அம்மா சொல்லிச்சு: “இந்த பட்டன் ரொம்ப வசதியா இருக்குதுண்ணா. எல்லா ஹோட்டல்லயும் வெக்கலாம்.”

சம்பந்தி டேபிள்

ஒரு மதியம் பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் முகூர்த்தப் புடவை எடுத்துட்டு வந்து ஒரே டேபிள்ல உக்காந்தாங்க. கலர்ல ஏதோ தகராறு போல, யாரும் யார் மூஞ்சையும் பார்க்கல. பொண்ணோட அப்பா மட்டும் சிரிச்சிக்கினே எல்லாருக்கும் ஆர்டர் போட்டாரு. கடைசியில டேப் ‘ஒரே பில்லா, தனித்தனி பில்லா?’ன்னு கேட்டுது. அதுவும் வாயைத் திறந்து சத்தமா! மனுஷன் பதட்டத்துல தனித்தனியைத் தொட்டுட்டாரு. மாப்பிள்ளையோட அம்மா தண்ணி கிளாஸை டொக்குனு வெச்சாங்க. “ஓஹோ, இப்பவே பிரிச்சாச்சா?”

நான் பாய்ஞ்சு போய் டேப்பைக் கவுத்துப் போட்டேன். “மன்னிச்சிக்கங்கமா, காலையில இருந்து இந்தச் சனியன் எல்லா டேபிளையும் பிரிச்சிக்கினுதான் இருக்குது. ஒரே பில்லுன்னு ஐயா உள்ள வரும்போதே என்கிட்ட சொல்லிட்டாரு.” பச்சைப் பொய். அப்புறம் அவங்க கேட்டிருந்த ஃபேமிலி ரோஸ்ட்டை, அந்த முழ நீள தோசையை, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல வெச்சேன். பிச்சுத் திங்கணும்னா சட்னியையாவது நகர்த்தச் சொல்லித்தானே ஆகணும், மெல்ல பேச ஆரம்பிச்சாங்க. பொண்ணோட அப்பா கை கழுவற இடத்துல என் தோளைத் தட்டினாரு. “நல்லவேளைபா, காப்பாத்தின. ஆனா அந்த மிஷின் கேட்டது நியாயமான கேள்விதான்.”

அவரே கேட்டது

டேப்பைத் திட்டறதே இவனுக்குப் பொழப்புன்னு நினைச்சிடாதீங்க. வாய் பேச வராத தறிக்காரர் ஒருத்தர் சம்சாரத்தோட எங்ககிட்ட வர்றது வழக்கம். அந்தம்மா சொல்லும், அவர் சாப்பிடுவாரு. அன்னிக்கு டேப்பைக் கையில எடுத்து, படம் படமா தள்ளி, நிதானமா ஒரு அடை கேட்டாரு. நல்லா முறுகலா, வெல்லமும் வெண்ணெயும் தனியா. தட்டு வந்ததும் அவர் மூஞ்சைப் பார்க்கணுமே! என் வேலையைப் பறிக்க வந்ததுன்னு தெரிஞ்சும் அந்த டேப்பை எனக்குத் திட்ட மனசு வரல. போனா போவட்டும்னு கூட ஒரு நிமிஷம் தோணிச்சு. அந்தம்மா அவர் சாப்பிடறதையே பார்த்துக்கினு இருந்துட்டு சொல்லிச்சு: “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும், இவருக்கு அடை புடிக்கும்னு எனக்கே இன்னிக்குத்தான்ணா தெரியுது.”

சூரியன் இறங்கறதுக்குள்ள

முசரவாக்கம் பக்கத்துல இருந்து ஒரு சமணக் குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தாங்க. வெங்காயம், பூண்டு, கிழங்கு தொடமாட்டாங்க. சூரியன் இறங்கிட்டா மறுநாள் காலையிலதான் சாப்பாடு. புடவைக் கடையில நேரம் ஓடிப்போச்சு. கூட வந்த பெரியம்மாவுக்கு சக்கரை வியாதி, கை நடுங்கிக்கினு இருந்துது. அவங்க மகன் டேப்புல காஞ்சிபுரம் இட்லியும் தயிரும் கேட்டாரு. மிளகு, சீரகம், சுக்கு போட்டது, அவங்களுக்குத் தோதானதுதான். ஆனா அவங்களுக்கு முன்னாடி சேலத்துல இருந்து வந்த பஸ் கூட்டம் ஒண்ணு மொத்தமா ஆர்டர் போட்டிருந்துது. எதிர்க்கடை போர்டுல மட்டும்தான் வெயில் பாக்கி.

மாஸ்டர் கையை விரிச்சுட்டாரு. “ஸ்கிரீன்ல அவங்க கடைசி, சிகாமணி. நான் என்ன பண்ண?” பஸ் கூட்டத்துக்குப் போகவேண்டிய அதே காஞ்சிபுரம் இட்லித் தட்டு என் கையில இருந்துது. அதைக் கீழ வெக்காம, அதுக்காகக் காத்திருந்த சேலத்துக்காரர்கிட்ட குனிஞ்சு விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தாரு, பெரியம்மாவைப் பார்த்தாரு. “எங்களுக்கென்னங்க, எப்ப வேணா சாப்பிடுவோம். ஓடுங்க மொதல்ல”ன்னாரு. வேலை போனா மயிரே போச்சுன்னு ஓடினேன். பெரியம்மா சாப்பிட்டு முடிச்சு கை கழுவும்போது போர்டுல வெயில் இல்ல, கை நடுக்கமும் நின்னிருந்துது. என்னை வாழ்த்துவாங்கன்னு பார்த்தேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: “தட்டை விட்டுக்குடுத்தாரே, அவர் சாப்பிட்டாராப்பா?”

முதல் இடம்

மறுநாள் காலையில ஓனர் கூப்பிட்டாரு. வரிசை மாறினது அவர் போன்ல செவப்பா வந்திருந்துது. “மாத்தக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” சொன்னீங்கன்னேன். நடந்ததையும் சொன்னேன். பொண்ணோட காலேஜ் ஃபீஸ் கண்ணு முன்னாடி வந்து நின்னுது. மனுஷன் போனைத் தள்ளிக்கினே இருந்தாரு. அப்புறம் அதை என் பக்கம் திருப்பினாரு. சீசன் முழுக்க ஜனங்க எதை அதிகமா தொட்டிருக்காங்கன்னு அதுல வரிசையா இருந்துது. மூணாவது நெய் ரோஸ்ட், ரெண்டாவது காபி. முதல்ல இருந்தது அந்த மணி பட்டன். ஓனர் தலையில அடிச்சிக்கினாரு. “நம்ம கடையில அதிகமா ஓடின ஐட்டம் நீதான்யா. இங்கயே இரு, எங்கயும் போவாத. போ, மூணாம் டேபிள்ல கூப்பிடறாங்க பாரு.”

ஆக, டேப்பும் இருக்குது, நானும் இருக்கேன். சட்னி மாதிரி என்னையும் எத்தனை தடவை கேட்டாலும் பில்லுல ஏறாதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்.