பெண் பார்த்த அன்று என் வீட்டுப்பாடம்

சித்தியைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை என் கவலையெல்லாம் வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான். ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சர், ஸீ, லுக், வாட்ச் மூன்றுக்கும் வீட்டில் நடப்பதை வைத்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார். நினைக்காமலே கண்ணில் பட்டுவிட்டால் ஸீ. நாமாகத் திரும்பிப் பார்த்தால் லுக். ஏதோ நடக்கப்போகிறது என்று கண்ணை எடுக்காமல் இருந்தால் வாட்ச். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டில் இந்த வம்பெல்லாம் கிடையாது. மாடு பார்ப்பதும் டிவி பார்ப்பதும் பெண் பார்ப்பதும் எங்களுக்கு ஒரே பார்வைதான்.

சித்தி அம்மாவின் தங்கை. உத்தமபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. தலையில் பூ வைத்துவிட்ட அம்மாவிடம், "எனக்கு இது வேணாம்க்கா, அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

"வந்து பாத்துட்டுத்தான் போகட்டுமேடி. பாத்தா ஒட்டிக்கிருமா?" என்றாள் அம்மா. தாத்தாவிடம் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

தேவாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு கார் நிறைய வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா சித்தியின் பாதத்தைப் பார்த்தார், பின்னலைப் பார்த்தார், நிமிர்ந்து எங்கள் சுவரில் இருந்த வெடிப்பையும் பார்த்தார். லுக்குக்கு வாக்கியம் வேண்டிய மட்டும் கிடைத்தது. ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்த சித்தியோ, குனிந்த தலையோடு, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பஸ் ஸ்டாப்பிலேயே ஒரு கண்ணை வைத்திருந்தாள். டவுன் பஸ் வந்து நின்றால் அவள் விரல்கள் முந்தானையை இறுக்கும். பஸ் போனதும் தளரும். வாட்சுக்கும் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டார். "இங்கிலீசு பள்ளிக்கூடத்துல படிக்கிறியாமே தாயி. ரெண்டு வார்த்த பேசு, கேப்போம்."

தாத்தா பெருமையாகத் தலையாட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். "எவ்ரிபடி இஸ் லுக்கிங் அட் மை ஆன்ட்டி. மை ஆன்ட்டி இஸ் வாட்சிங் தி பஸ் ஸ்டாப்."

கூடமே கைதட்டியது. அதில் பஸ் ஸ்டாப்பைத் தவிர இன்னும் ஒரு வார்த்தை புரிந்திருந்தால் தாத்தா என் தோலை உரித்திருப்பார்.

மாப்பிள்ளை மட்டும் கைதட்டவில்லை. கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் இருந்தவர். என் பக்கம் குனிந்து, "லுக்கிங்கா, வாட்சிங்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

என் இங்கிலீஷையே சந்தேகப்பட்டால் எனக்கு ரோசம் வராதா? "வாட்சிங். எவ்ரி பஸ்" என்றேன்.

சித்தியின் முகம் வெளுத்துப்போனது. அவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினார். பிறகு சித்தியைப் பார்த்தார். காபி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். "மாப்பிள்ளைக்கு இப்பக் கல்யாணத்துல நாட்டமில்லையாம். பொண்ணு மேல ஒரு கொறையும் சொல்லல. அவுக ஆத்தாதான் மகனப் போட்டு வஞ்சுக்கிட்டு இருக்காக" என்றார். தாத்தாவும் தன் பங்குக்கு அந்த மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்தார். சித்தியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதாள். என் இங்கிலீஷ் பிடிக்காமல்தான் அவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, "நீ விடு சித்தி, வேற மாப்பிள்ள வருவாக" என்று தேற்றினேன். அவள் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுகையோடு சிரித்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

பெண் பார்த்த அன்று வந்து தாத்தாவிடம் பேசுகிறேன் என்று சித்தியிடம் வாக்குக் கொடுத்தவர், அவளோடு வேலை பார்த்தவர், எந்த பஸ்ஸிலும் வரவில்லை. அதற்கு மறு வருடம்தான் அவருக்குத் தைரியம் வந்தது. இப்போது எனக்குச் சித்தப்பா. அவர் வீரம் பேசும்போதெல்லாம் சித்தி, "அன்னைக்கு இவுகளுக்கு பஸ்ஸே கெடைக்கல" என்பாள்.

அன்று ஸீக்கு மட்டும் வாக்கியம் கிடைக்கவில்லை. நான் ஒரு பஸ்ஸைப் பார்த்தேன் என்று எழுதிக்கொண்டு போனேன், டீச்சரும் சரி போட்டுவிட்டார். ஸீ என்றால் புரிந்துகொள்வதும்தான், நான் தேடிய வாக்கியம் எங்கள் கூடத்திலேயே, ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.