டிரேயில் இருந்தது என்ன?

எனக்கு ஆபரேஷன் முடிந்ததும், வயிற்றிலிருந்து எடுத்ததை ஒரு டிரேயில் வைத்து, தியேட்டர் வாசலுக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்களாம். ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு வழக்கம். இதைத்தான் எடுத்தோம், வேறு எதையும் தொடவில்லை என்று சொந்தக்காரர் ஒருவர் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்குச் சாட்சி அவர் ஒருவர்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அடிவயிற்று வலி என்று போய் ஸ்கேன் எடுத்ததில், சினைப்பையில் கட்டி, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது என்றார்கள். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து கேமரா ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். வயிற்றைக் கிழிக்க மாட்டோம், மூன்று சின்ன ஓட்டைதான், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவோம் என்றார். நான் எட்டாவதோடு நின்றவள். தெரியாத இடத்தையெல்லாம் பயத்தால் நிரப்பிக்கொள்வது என் சுபாவம். அந்த ஓட்டைகள் பிறகு மூடுமா மூடாதா என்பதையே ஆபரேஷன் நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகமாக வலித்தது. போச்சு, நெஞ்சுவலி வந்துவிட்டது என்று நர்ஸைக் கூப்பிட்டு அழுதேன்.

“அது காத்துக்கா. வயித்துல காத்து அடிச்சு உப்ப வச்சுத்தான் உள்ள பாப்பாங்க. மிச்சம் இருக்கறது தோள்ல வந்து வலிக்கும். எழுந்து நடந்தா சரியாப் போயிடும்” என்றாள் நர்ஸ்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர், “லாரி டயருக்கு அடிக்கிற மாதிரிங்களா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே. உங்க டயர் ரெண்டு நாள்ல எறங்கிடும், பயப்படாதீங்க.”

சிரித்தால் வயிறு இழுத்தது. அவர் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊருக்கு பஸ்ஸில்தான் வந்தோம். ஒரு தலையணையை மடித்து என் வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் எழுந்து, “அண்ணே, பாத்து ஓட்டுங்கண்ணே, ஆபரேஷன் ஆளு உக்காந்திருக்கு” என்று டிரைவரிடம் கத்தினார். மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. கடைசியில் அந்த டிரைவரே, “நீ வந்து ஓட்டுறியாய்யா?” என்று கேட்டுவிட்டார். இவர் நிஜமாகவே எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

வீட்டில் என் மாமியார் பூண்டு உரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் எனக்கு நடந்தது. பூண்டுக் குழம்பு, கருவாடு, குடிக்க வெந்நீர். பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றில் கட்டவும் வந்தார்.

“அத்த, டாக்டரம்மா இதெல்லாம் சொல்லலை. எனக்கென்ன புள்ளயா பொறந்திருக்கு?”

“வயித்துக்குள்ள கை வச்சா எல்லாம் ஒண்ணுதான். பேசாம நில்லு.”

தையலுக்கு மேலே படாமல், இறுக்காமல், சும்மா பேருக்குத்தான் கட்டினார். கட்டி முடித்து முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா பார்க்க வந்தது. புடவையை விலக்கி மூன்று பிளாஸ்திரியைக் காட்டினேன்.

“இவ்ளோதானா? கொசு கடிச்ச மாதிரி இருக்கு. எனக்கெல்லாம் தொப்புள்லேர்ந்து கிழிச்சாங்கடி” என்றது. ஏமாற்றமாகத்தான் சொன்னது. பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க அக்காளுக்கு இந்தக் கீறல்கூட இல்ல. கீழ வழியாவே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. அவளுக்கே அப்பறமாத்தான் சொன்னாங்க” என்றது.

அது போன பிறகு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. எங்கள் தெருவில் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் நிறையப் பேர் கர்ப்பப்பை இல்லாமல்தான் திரும்பி வந்திருந்தார்கள். எனக்கும் எடுத்துவிட்டு, நான் தாங்கமாட்டேன் என்று எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்களோ? பிள்ளை பெற்றவளைப் போல அத்தை பார்த்துக்கொள்வதுகூட, இனி அந்த வாய்ப்பு இல்லை என்பதாலோ?

அவர் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன். “ஏங்க, டிரேயில என்னாங்க இருந்துச்சு?”

“கட்டிதான்.”

“எப்பிடி இருந்துச்சு?”

“கட்டி மாதிரி இருந்துச்சு.”

“என்னா கலரு?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். “இந்தா பாரு, துணிய விலக்கினதுமே கண்ண மூடிட்டேன். பாத்துட்டேன், பாத்துட்டேன்னு தலைய ஆட்டினேன். எத்தனையோ ஆக்சிடெண்டப் பாத்திருக்கேன். இது உன்னோடதுன்னதும் முடியலை.”

எனக்கிருந்த ஒரே சாட்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறது. கோபித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.

தையலைப் பார்க்க மறுபடி பெரம்பலூருக்குப் போனபோது டாக்டரம்மாவிடமே, “எல்லாம் உள்ள இருக்குங்களாம்மா?” என்று கேட்டேன். அவர் சிரித்து, “எல்லாம் பத்திரமா இருக்கும்மா. கட்டிய மட்டுந்தான் எடுத்தேன்” என்றார். வெளியே வரும்வரை நிம்மதியாக இருந்தது. பஸ் ஏறியதும், அவர் ஏன் சிரித்தார் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இனி ஒன்றுதான் நிஜத்தைச் சொல்லும். மாதவிலக்கு வர வேண்டும்.

ஆறு வருஷமாக, அது வராமல் இருக்க வேண்டும் என்றே சாமி கும்பிட்டவள் நான். ஒரு நாள் தள்ளிப்போனால் வாழைப்பூ மாதிரி மனசு விரியும். பிறகு வந்துவிடும். கொல்லைப்பக்கத் தகரக் கொட்டகையில் தனிப் பாயில், தனித் தட்டோடு உட்காருவேன். அத்தை சோற்றைத் தூரத்திலிருந்தே வைத்து நகர்த்திவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுப் போவார். அந்தப் பெருமூச்சுக்குப் பயந்தே, வந்ததைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் மறைத்திருக்கிறேன். இப்போது அதே நாளுக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன்.

நாள் வந்தது, தாண்டியும் போனது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் முன்பு ஆசையாக இருந்தது, இப்போது இடியாக இருந்தது. கொல்லைக்குப் போய் வரும்போதெல்லாம் அத்தை என் முகத்தையே பார்ப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். பிளாஸ்திரி போய், தழும்பு காய்ந்து, மெதுவாக வீடு கூட்டவும் ஆரம்பித்திருந்தேன்.

ஒரு காலையில், வாசலில் கோலப்பொடியைக் கையில் எடுத்தபோது வயிறு சுருண்டு வலித்தது. கொல்லைக்கு ஓடினேன். பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டார்.

“என்னாடி ஆச்சு? தையல் பிரிஞ்சுடுச்சா?”

“தூரம் அத்த. நான் தூரமாயிட்டேன்.”

வழக்கம்போல ஒதுங்கி நின்று பாயைத் தூக்கிப் போடுவார் என்று நினைத்தேன். அத்தை நேராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத்த, தீட்டு…”

“தீட்டு கெடக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு எங்கிட்டயும் மறச்சிட்டாங்களோன்னு இத்தன நாளா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரியறேன். அந்தப் பயலக் கேட்டா, பாத்தேன் பாத்தேன்னு முழிக்கிறான்.”

நானும் அத்தையும் ஒரே வீட்டில், ஒரே பயத்தை, ஆளுக்கொரு பக்கமாக மறைத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

பிறகு ஞாபகம் வந்தவராகக் கையை உதறி, “தொட்டுட்டேனே, தலைக்கு ஊத்திக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் கொட்டகையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். குளித்த ஈரத்தலையோடு அத்தை சோறு கொண்டுவந்தார். வழக்கம்போலத் தூரத்திலேயே வைத்து நகர்த்தினார். தட்டில் அப்பளம் இரண்டு இருந்தது. பெருமூச்சு மட்டும் இல்லை.