தானே அணைஞ்ச தீ

திருவொற்றியூர்ல ஒரு ரப்பர் கம்பெனியில வேலை பார்க்கறேன். வயர் மேல போடற ரப்பர்ல கிராஃபீன்னு ஒரு கறுப்புப் பொடி கலப்போம். கலந்தா தீ பரவாது. அது முதன்முதலா சரியா வந்த அன்னைக்கு, அந்த ரப்பர்ல ஒரு துண்டோட எதிர் டீக்கடைக்கு ஓடி, எல்லார் முன்னாடியும் கொளுத்தினேன். லைட்டரை விலக்கினதும் தீ தானே அணைஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க.

டீ போடற அக்கா மட்டும் தட்டலை. போன மழையில வயர் புகைஞ்சு அவங்க வூடு எரிஞ்சுபோனது அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"எங்க வூட்டு வயர்ல இது வருமா நைனா?"

"இல்லக்கா. கப்பலுக்குப் போவுது."

"சுத்தியும் தண்ணி கீற கப்பலுக்கா?"

இன்னைக்கும் துண்டுல தீ தானே அணையும்போது எனக்குப் பெருமைதான். ஆனா அதைத் தூக்கிக்கினு அந்தக் கடைப் பக்கம் போறதில்லை.